வெறுமனே திரும்பாத தூக்குச்சட்டி

மெகராஜ் பேகம் தன் வாழ்நாளில் அடுத்தவர் பொருள் ஒன்றையும் வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. ராஜபாளையத்தில் அவள் வாக்கப்பட்டு வந்த தெருவில் யாரைக் கேட்டாலும் இதை ஒத்துக்கொள்வார்கள், பக்கத்து வீட்டுக் குருவம்மாளைத் தவிர. குருவம்மாளும் அடுத்தவர் பொருளைத் தொட்டவள் இல்லை. இதையும் தெரு முழுக்க ஒத்துக்கொள்ளும், மெகராஜைத் தவிர. இரண்டு யோக்கியமான பெண்கள் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தால் இப்படித்தான் ஆகும். ஒருத்தி கொஞ்சம் களவாணியாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவர்கள் குழம்பியது போல நீங்களும் குழம்புவீர்கள். அந்தத் தூக்குச்சட்டி இவர்கள் இரண்டு பேருடையதும் இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் தெரு மாரியம்மனுக்கு வைகாசிப் பொங்கல் வந்தது. பந்தல் போட ஆலங்குளத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். மத்தியானம் கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டு, தூக்குச்சட்டியைக் கழுவி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் அடித்திருந்த ஆணியில் மாட்டினார். பொங்கல் முடிந்து பந்தலைப் பிரித்தபோது மூங்கில், கயிறு, கிடுகு என்று ஒரு துரும்பு விடாமல் எடுத்துப் போனவர், சட்டியை மட்டும் மறந்து போனார். நல்ல கனமான எவர்சில்வர். மூடியில் ‘சீ. ஐயாதுரை, ஆலங்குளம்’ என்று பேர் வெட்டியிருந்தது.

குருவம்மாள் வீட்டுக்காரர் பால்ச்சாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். நிலபுலம் உள்ள குடும்பம். ஐயாதுரை என்பது பால்ச்சாமியின் தகப்பனார் பேராக இருக்கும், குருவம்மாள் மதினி சட்டியைக் காயப் போட்டிருக்கிறாள் என்று மெகராஜ் நினைத்தாள். மெகராஜின் வீட்டுக்காரர் பிச்சை முகம்மது பழைய கோணிச்சாக்கு வாங்கி விற்கிறவர். சாக்கோடு சாக்காகப் பழைய பாத்திரமும் வாங்கி வந்திருப்பார், மெகராசு காயப் போட்டிருக்கிறாள் என்று குருவம்மாள் நினைத்தாள். சட்டி ஆணியில் தொங்கியபடியே நன்றாகக் காய்ந்தது.

ரம்ஜான் மாதம் பிறந்தது. ஒரு சாயங்காலம் காக்கை ஒன்று அந்தச் சட்டியின் மேல் உட்கார்ந்து எச்சமிட்டதைக் கண்டு மெகராஜுக்கு மனசு கேட்கவில்லை. எடுத்துச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். சரி, குருவம்மாள் வீட்டில் கொடுத்துவிடலாம் என்று வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அந்த வட்டாரத்தில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது, நாலு மிளகாய் வற்றலாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நோன்புக் கஞ்சி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மூடி முட்ட ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“ஏட்டி மெகராசு, நோம்புக் கஞ்சியா? நீ நல்லா இருப்பே!” என்று குருவம்மாள் வாங்கிக்கொண்டாள். கஞ்சி தீர்ந்தது. பாத்திரம் மெகராஜுடையது என்பதில் இப்போது அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க அவள் என்ன நாகரிகம் தெரியாதவளா? ஆடி வெள்ளி வரட்டும் என்று காத்திருந்து, கொழுக்கட்டை அவித்து, சட்டி நிறையப் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

கொழுக்கட்டையைத் தின்று முடித்த மெகராஜ் சட்டியைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்த சட்டி மறுபடியும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. பக்ரீத் வந்ததும் கறியும் சோறுமாக நிறைத்து அனுப்பினாள்.

இப்படித்தான் தொடங்கியது. விநாயகர் சதுர்த்திச் சுண்டல் போனால் மீலாது நெய்ச்சோறு வரும். தீபாவளி அதிரசம் போனால் பராத் ரொட்டி வரும். கார்த்திகைப் பொரி, பொங்கல் கரும்புத் துண்டு, மொகரம் சர்க்கரைச் சோறு என்று சட்டிக்கு ஓய்வே இல்லை. அந்தத் தெருவில் எந்தச் சாமிக்கு எப்போது திருநாள் என்பது மனிதர்களைவிட அந்தச் சட்டிக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு பெண்களுக்கும் இதில் சந்தோஷம்தான். பிள்ளை பெற்றபோதும், காய்ச்சல் வந்தபோதும், கிணற்றில் வாளி விழுந்தபோதும் ஒருத்திக்கு ஒருத்திதான் துணை. மெகராஜுக்குப் பிறந்த ஊரில் சொல்லிக்கொள்ள யாரும் மிச்சமில்லை. அவளுக்கு அக்காள், மதினி, தோழி என்று எல்லாமாக இருந்தவள் குருவம்மாள் ஒருத்திதான்.

தொண்ணூறாம் வருஷத் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வந்தபோது மெகராஜ் நல்லெண்ணத்தோடு ஒரு வார்த்தை சொன்னாள். உலகத்தில் பாதிச் சண்டை நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பமாகிறது.

“மதினி, இம்புட்டு வருசமா இந்தச் சட்டிய அலைய விடுதீயளே, சொட்டை சொட்டையா விழுந்து போச்சு. பெரியவுக ஞாபகமா இருக்கது. இனிமே உள்ள எடுத்து வையுங்க.”

“எந்தப் பெரியவுக?”

“உங்க மாமனாருதான். மூடியில பேரு வெட்டியிருக்கே, ஐயாதுரைன்னு.”

குருவம்மாள் திகைத்துப் போனாள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அவள் அத்தனை வருஷமாக அந்தப் பேரைச் சொன்னதில்லை, மெகராஜும் கேட்டதில்லை. இப்போதும் அவள் சொல்லவில்லை. வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள்.

“ஏங்க! இங்க வாங்க! வந்து உங்க அய்யா பேரச் சொல்லுங்க!”

பால்ச்சாமி சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். பட்டாளத்துப் பழக்கம், யாராவது கத்திக் கூப்பிட்டால் முதலில் ஓடி வருவார், பிறகுதான் எதற்கென்று யோசிப்பார். பாதி முகத்தில் நுரையோடு வாசலில் வந்து விறைப்பாக நின்று, “கருத்தப்பாண்டி!” என்றார்.

“கேட்டுக்கிட்டியாட்டி?”

“அப்ப ஐயாதுரை யாரு?”

“அத உம் புருசன்கிட்ட கேளு. பழைய சாமான் வாங்குறது அவியதான. உன் சட்டிய நான் எதுக்கு உள்ள எடுத்து வைக்கணும்?”

“என் சட்டியா? இது எங்க வீட்டுச் சட்டியே இல்ல மதினி. உங்களுது.”

“ஆணியில மாட்டியிருந்தது யாரு? நீதான?”

“நீங்கதான மாட்டுனிய!”

இந்தப் பொருள் என்னுடையது, என்னுடையது என்று அடித்துக்கொண்ட சண்டைகளை அந்தத் தெரு நிறையப் பார்த்திருக்கிறது. உன்னுடையது, உன்னுடையது என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றதை அன்றுதான் பார்த்தது. விலக்கிவிட வந்தவர்களுக்கு யாரை எந்தப் பக்கம் இழுப்பதென்று புரியவில்லை. வார்த்தை தடித்தது. “அப்ப நான் ஊரான் சட்டிய வச்சிருக்கவளா?” என்றாள் ஒருத்தி. “அப்ப நான் மட்டும் வச்சிருக்கவளா?” என்றாள் மற்றவள். கடைசியில் குருவம்மாள் கையை உயர்த்தி, “அந்த ஆண்டாள் மேல ஆணை, இவளா வாயைத் தொறந்து பேசுத வரைக்கும் நான் பேசமாட்டேன்” என்றாள். மெகராஜும் விடவில்லை. “அல்லா மேல ஆணையா, இவியளாப் பேசாம நானும் பேசமாட்டேன்.”

சத்தியம் பண்ணிவிட்டு இருவரும் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் மெகராஜ் கவனித்தாள், அதிரசத்தோடு சட்டி அவள் கையில்தான் இருந்தது.

வைத்துக்கொள்ள முடியாது, அது அடுத்தவள் சட்டி. வெறுமனே கொடுக்கவும் முடியாது, என்ன சண்டை என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. நேரில் போய்க் கொடுக்கவும் வழியில்லை. எதிர்வீட்டு ஆரோக்கியம் டீச்சரைக் கூப்பிட்டாள். டீச்சர் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சமையலில் அக்கறை கிடையாது, சாப்பாட்டில் நிறைய உண்டு.

“எதுக்கு இந்த வம்பு? சட்டிய எங்கிட்டக் குடுத்திருங்களேன். நான் வச்சிக்கிடுதேன்” என்றார் டீச்சர்.

“அடுத்தவ சட்டிய நான் எப்படி டீச்சர் உங்களுக்குக் குடுக்க முடியும்?” என்று மெகராஜ் கேட்டாள். குருவம்மாளும் அச்சு மாறாமல் இதையே சொன்னாள். சரி, கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையாவது செய்வோம் என்று டீச்சர் ஏற்றுக்கொண்டார். சட்டி இங்கிருந்து கிளம்பி, டீச்சர் வீட்டில் செத்த நேரம் இளைப்பாறி, பிறகு அங்கே போகும். இளைப்பாறும் நேரத்தில் சட்டியின் பாரமும் கொஞ்சம் குறையும். இரண்டு வீட்டாருக்கும் இது தெரியும். நடுவில் நிற்கிறவருக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி என்று விட்டுவிட்டார்கள். ஆனால் வந்து சேரும்போது எந்தப் பண்டமும் ஆறித்தான் இருக்கும்.

பேச்சு நின்றது. சட்டி நிற்கவில்லை. முன்பைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. அடுத்தவள் சட்டி ஒரு நாள்கூட வீட்டில் தங்கக் கூடாது என்று இருவருக்கும் வெறி பிடித்துவிட்டது. திருநாள் இல்லாமல் பண்டம் அனுப்பினால் சமாதானத்துக்கு இறங்கி வந்தது போல ஆகிவிடும் என்பதால், அனுப்ப ஒரு திருநாள் வேண்டும். பெரிய திருநாள்கள் போதவில்லை. மெகராஜ் முகைதீன் ஆண்டவர் பாத்திஹாவையும் ஒடுக்கத்துப் புதனையும் தேடி எடுத்தாள். குருவம்மாள் சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் என்று இறங்கினாள். அதுவும் தீர்ந்தபோது டீச்சரிடம் போய் நின்றாள்.

“டீச்சர், உங்காளுகள்ல யாருக்காவது இப்ப விசேசம் இருக்கா?”

டீச்சருக்குப் புனிதர்கள் அத்தனை பேரும் மனப்பாடம். சட்டி ஓட வேண்டும் என்ற அக்கறையும் அவருக்கு உண்டு. “செபஸ்தியார் திருநாள் வருது” என்றார்.

“அவரு என்ன செய்வாரு?”

“கொள்ளை நோய், அம்மை எல்லாம் அண்டாமக் காப்பாத்துவாரு.”

“நம்ம மாரியாத்தா கணக்கா. அப்ப கூழ் ஊத்திர வேண்டியதுதான்.”

செபஸ்தியார் பேரில் கூழ் காய்ச்சி, வேப்பிலை செருகி, குருவம்மாள் சட்டியை அனுப்பினாள். அதற்குப் பதிலாக மெகராஜ் சூசையப்பருக்கு நெய்ச்சோறு ஆக்கினாள். அந்தோணியார் செவ்வாய்க்கிழமைக்காரர் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் அவரை விடவேயில்லை. ஒரு கட்டத்தில் அந்தத் தெருவில் புனிதர்களை ஒழுங்காகக் கொண்டாடியது ஓர் இந்து வீடும் ஒரு முஸ்லிம் வீடும்தான். கிறிஸ்தவரான டீச்சர் சாப்பிட மட்டும் செய்தார்.

இன்னொன்றும் நடந்தது. கோபம் ஏற ஏற நெய்யும் ஏறியது. சண்டைக்காரி வீட்டுக்குப் போகிற பண்டத்தில் ஒரு குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று முந்திரிப்பருப்பை அள்ளிக் கொட்டினார்கள். சமாதானமாக இருந்த காலத்தில் வெறும் பச்சரிசிப் பாயசம் போன இடத்துக்கு இப்போது பாதாம் போட்ட பாயசம் போனது. இரண்டு வீட்டு ஆண்களும் பூசினாற்போல ஆனார்கள். பிச்சை முகம்மதுவும் பால்ச்சாமியும் தெருமுனையில் சந்தித்துப் பேசிக்கொள்வார்கள், அவர்களுக்குள் எந்தச் சத்தியமும் இல்லை.

“மாப்ள, இந்தச் சண்டைய யாரும் தீத்து வச்சிராமப் பாத்துக்கிடணும்” என்றார் பால்ச்சாமி.

“ஆமா மச்சான். நானும் துவா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் பிச்சை முகம்மது.

ஆனாலும் பால்ச்சாமிக்கு மனசு உறுத்தியது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டில் பெண்சாதியின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தார். மறுநாள் காலையில் பழைய பட்டாளத்துப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஐயாதுரையைக் கண்டுபிடிக்க ஆலங்குளத்துக்கு பஸ் ஏறினார். அங்கே பஸ் நிறுத்தத்தில் நின்று, “இங்க ஐயாதுரைங்கிறது யாரு?” என்று உரக்கக் கேட்டார். டீக்கடையில் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். தூக்குச்சட்டி விஷயத்தைச் சொன்னார். தங்களுக்கு அப்படி ஒரு சட்டியே கிடையாது என்றார்கள். அந்தச் சட்டி எப்போதும் நிறைந்துதான் வரும் என்று பால்ச்சாமி வாய் தவறிச் சொல்லிவிட்டார். உடனே அத்தனை ஐயாதுரைகளுக்கும் அது தன் சட்டிதான் என்று ஞாபகம் வந்துவிட்டது. ஐயாதுரை அல்லாத ஒருவர், தன் பேரை மாற்றிக்கொள்ளவும் தயார் என்றார். உண்மையான ஐயாதுரை அன்றைக்குப் பந்தல் போட வெளியூர் போயிருந்தார். பால்ச்சாமி சட்டியின் அடையாளம், தன் தெரு, வீடு எல்லாவற்றையும் டீக்கடையில் சொல்லிவைத்துவிட்டு, உருப்படியாக ஒன்றும் நடக்காமல் ஊர் திரும்பினார்.

வருஷங்கள் ஓடின. பிச்சை முகம்மதுவின் தொழில் படுத்தது. எல்லோரும் பிளாஸ்டிக் சாக்குக்கு மாறிவிட்டார்கள், கோணியைச் சீந்துவாரில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தங்கச்சி மாப்பிள்ளை அல்லா பிச்சை பால்கோவாக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்து கொடுத்துவந்தார். கூட வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிட்டார். தொண்ணூற்று மூன்று மார்கழியில் பிச்சை முகம்மது வீட்டை மாற்றுவதென்று முடிவு செய்தார்.

மெகராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் தூர தேசமில்லை, பஸ்ஸில் சன்னலோரம் இடம் பிடித்து நன்றாகச் சாய்ந்து உட்காருவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் பேச்சில்லாத ஒருத்தியைப் பார்க்க யாராவது பஸ் ஏறிப் போவார்களா? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை, பேசாவிட்டாலும் இருமல் கேட்கும், அம்மி அரைக்கிற சத்தம் கேட்கும், சட்டி வரும். வீட்டை மாற்றிவிட்டால் குருவம்மாள் என்று ஒருத்தி அவள் வாழ்க்கையில் இருக்கமாட்டாள். இதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

“மார்கழியில வீடு மாறக் கூடாதாம்” என்றாள்.

“நமக்கு ஏதுட்டி மார்கழி?” என்றார் பிச்சை முகம்மது.

“நமக்கு இல்ல. வாடகை வாங்குத வீட்டுக்காரரு இந்துதான? மார்கழி அந்த வீட்டுக்கு.”

அவர் தையில் பேச்சை எடுத்தபோது, நோன்பு வரப்போகிறது, நோன்போடு சாமான் சுமக்க முடியுமா என்றாள். நோன்பு வைத்த மாதம் முடிவதற்குள் டீச்சருடைய தபசு காலம் வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரவுக சேசுவை நினைச்சுத் துக்கமா இருக்கையில நாம லாரியக் கொண்டாந்து நிறுத்துனா நல்லாவா இருக்கும் என்றாள். அந்தத் துக்கம் தீர்கிறபோது பங்குனி. பங்குனியில் யாரும் குடி போகமாட்டார்கள். சித்திரையில் அக்கினி நட்சத்திரம். வைகாசியில் தெரு மாரியம்மன் பொங்கல், காப்புக் கட்டிய தெருவை விட்டு வெளியேறக் கூடாது. ஆனியில் மொகரம் பிறந்துவிட்டது. ஆடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், போதாக்குறைக்கு அந்த வருஷம் முஸ்லிம்களுக்கு ஆகாத சபர் மாதமும் ஆடியோடு சேர்ந்துகொண்டது. மூன்று மதத்துக்கும் ஆகாத நாள்களை இவ்வளவு பக்தியோடு அனுசரித்தவள் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்கமாட்டாள்.

இத்தனை மாதமும் அவள் காத்திருந்தது ஒரு வார்த்தைக்காக. போகாதே என்று வேண்டாம், போயிட்டு வா என்று குருவம்மாள் சொன்னால் போதும். வார்த்தை வரவில்லை. அது மட்டுமா, வைகாசிப் பொங்கலுக்கு வர வேண்டிய சட்டியும் வரவில்லை. ஆனி போயிற்று, ஆடி வெள்ளிகள் ஒவ்வொன்றாகப் போயின. சட்டி குருவம்மாள் வீட்டிலேயே இருந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை.

ஆவணி பிறந்தது. “டீச்சர்கிட்டக் கேட்டுட்டேன், பால்ச்சாமி மச்சான்கிட்டக் கேட்டுட்டேன், பள்ளிவாசல்லயும் கேட்டுட்டேன். இந்த மாசம் யாருக்கும் எந்தக் குறையும் இல்லையாம்” என்றார் பிச்சை முகம்மது.

மெகராஜ் தரையில் உட்கார்ந்து அழுதாள். “சட்டிய அனுப்பமாட்டேங்கிறாவளே” என்றாள்.

“சட்டிதான? போனாப் போகுது. அங்க போயி வேற வாங்கித் தாரேன்.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்று மூக்கைச் சிந்தினாள்.

லாரி வந்தது. சாமான் ஏற்றினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார், அவர் இழப்பு அவருக்கு. பால்ச்சாமி கட்டிலை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டார். குருவம்மாள் வெளியே வரவில்லை. லாரியின் முன்னால் ஏறி உட்கார்ந்த மெகராஜ், கடைசியாக ஒரு தடவை இறங்கி, முற்றத்தில் துடைப்பத்தை விட்டுவிட்டேன் என்று உள்ளே ஓடினாள். துடைப்பம் லாரியில்தான் இருந்தது. வெறும் வீட்டில், பொதுச் சுவரின் பக்கம் செத்த நேரம் நின்றாள். அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இவளும் உறிஞ்சினாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு நன்றாகத்தான் இருந்தது. எந்நேரமும் தெருவில் பால் சுண்டுகிற வாசனை. அக்கம்பக்கத்தாரும் நல்லவர்கள். தீபாவளியன்று மெகராஜ் விடிந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். ஒவ்வொரு பஸ் வந்து நிற்கிற நேரத்துக்கும் தெருமுனையை எட்டிப் பார்த்தாள். பொழுது சாய்ந்தது, யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டு அதிரசம் வந்தது. அவள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பாகு பதம் தப்பிப் போச்சு என்று பாவம் அந்த வீட்டார்மேல் குறை சொன்னாள். அதற்குப் பிறகு கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் எதற்கும் அவள் வாசலைப் பார்க்கவில்லை.

மாசியில் ரம்ஜான் பெருநாள் வந்தது. ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பிரியாணி தம்மில் இருந்தது. கதவருகே நிழல் தட்டியது. தலையை நிமிர்த்தினாள்.

வாசலில் குருவம்மாள் நின்றாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, பஸ்ஸில் கசங்கிய முகம். ஒரு வார்த்தை பேசவில்லை, உதட்டை இறுக்கிக்கொண்டு குத்துக்கல்லாக நின்றாள். மெகராஜ் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். இரண்டு கையும் வெறுங்கை.

“சட்டி எங்க?” என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது அவளுக்கே உறைத்தது. குருவம்மாள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

“அப்பாடி! நீயே பேசிட்டே. இல்லைன்னா ஆண்டாள் ஊருக்கே வந்து ஆண்டாள் சத்தியத்த முறிச்ச பாவம் எனக்கு வந்திருக்கும். சட்டி வரலட்டி. நான்தான் வந்திருக்கேன்.”

“சட்டிய என்ன செஞ்சிய?”

“அதுக்குச் சொந்தக்காரன் வந்து வாங்கிட்டுப் போயிட்டான். பந்தக்காரன் ஐயாதுரை. நம்ம சுவரு ஆணியில மாட்டிட்டு மறந்து போனானாம். ஆலங்குளத்து டீக்கடையில யாரோ சொல்லி, தேடிக்கிட்டு வந்து நிக்கான். எப்ப வந்தான்னு நெனைக்கே? தீபாவளி அன்னைக்குக் காலையில. சட்டி நிறைய அதிரசம் வச்சிக்கிட்டு உங்கிட்ட வாரதுக்கு நான் படி இறங்குதேன், கையில இருந்து அப்படியே வாங்கிட்டான். அதிரசத்தக் குடுங்கய்யான்னா, வெறுஞ்சட்டி திருப்பிக் குடுக்கது முறையில்லன்னு எனக்கே முறை சொல்லுதான்.”

மெகராஜுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “அப்ப சட்டி உங்களுதும் இல்ல, எங்களுதும் இல்ல.”

“ஆமா. சட்டி போயிட்டு. எதச் சொல்லிக்கிட்டு உன் வாசல்ல வந்து நிக்கன்னு இம்புட்டு நாளும் வீட்டுக்குள்ளயே கெடந்தேன். இன்னைக்கு நோம்புப் பெருநாளுன்னதும் இருக்க முடியல.”

“வைகாசிக்கு ஏன் மதினி அனுப்பல? எம்புட்டுக் காத்துக் கெடந்தேன் தெரியுமா?”

குருவம்மாள் தரையைப் பார்த்தாள். “அனுப்பியிருந்தா நீ நிறைச்சித் திருப்பிட்டு, கடன் தீந்துச்சுன்னு லாரி ஏறியிருப்ப. எங்கிட்ட இருந்தா, நீ எங்க போனாலும் நான் கொண்டாந்து குடுத்துத்தான ஆகணும்? அதுக்குத்தான் வச்சிக்கிட்டேன். எங்க வீட்டுல அடுத்தவ சாமான் தங்குனது அது ஒண்ணுதான்.”

மெகராஜ் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். பாயை விரித்தாள், தம்மை உடைத்தாள், இலையைப் போட்டு ஆவி பறக்கப் பரிமாறினாள். குருவம்மாள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். உடனே வாயைத் திறந்து ஊதிக்கொண்டாள்.

“பிரியாணி இம்புட்டுச் சூடாவாட்டி இருக்கும்?”

அவள் மெகராஜின் சோற்றை இத்தனை வருஷமாகத் தின்றிருக்கிறாள். மெகராஜ் வீட்டில் உட்கார்ந்து தின்றது அன்றைக்குத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தபோது ஒரு பெருநாளுக்கும் இந்த வீட்டுப் பாயில் அவள் உட்காரவில்லை, ஒரு தீபாவளிக்கும் மெகராஜ் அங்கே இலை போட்டுச் சாப்பிடவில்லை. சட்டிதான் அங்கும் இங்கும் விருந்துக்குப் போய் வந்திருக்கிறது. இதை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள் போலிருக்கிறது, ஒருத்தியை ஒருத்தி பார்க்கக் கூச்சப்பட்டார்கள்.

சாயங்காலம் குருவம்மாள் கிளம்பினாள். பால்ச்சாமி அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று மெகராஜ் பரணிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை இறக்கினாள். புதுச் சட்டி, மூடியில் அவள் பேரே வெட்டியிருந்தது. குருவம்மாள் அதைப் பார்த்ததும் அலறிவிட்டாள்.

“ஐயோ, சட்டி மட்டும் வேண்டாம்ட்டி! பட்டது போதும். இலையில கட்டிக் குடு. இலையத் திருப்பித் தர வேண்டாம் பாரு.”

மெகராஜ் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப திரும்ப வரமாட்டியளா மதினி?”

குருவம்மாள் இலையைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“சரி, சட்டியிலயே போடு” என்றாள்.